நேரம் போதவில்லையா, பொறுப்பு மிஞ்சிவிட்டதா?

எமது ஊர்களில் ஏதேனும் ஒரு சங்கத்தின் கூட்டறிக்கைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அது பள்ளிவாசல் பரிபாலன சபையாக இருக்கலாம், பாடசாலை அபிவிருத்திச் சங்கமாக இருக்கலாம், ஜனாஸா நலன்புரிச் சங்கமாகவும் இருக்கலாம். "அடுத்த கூட்டத்துக்கு முன்னர் செய்து முடிக்கப்படும்" என்று எழுதிய தீர்மானங்களில் பல, அடுத்த கூட்டத்திலும் அதற்கடுத்த கூட்டத்திலும் அதே வசனத்துடன் மீண்டும் பதியப்பட்டிருக்கும். பொறுப்பேற்றவர்களின் பெயர்களையும் கவனியுங்கள். ஐந்து சங்கங்களின் புத்தகங்களை எடுத்தாலும் பெரும்பாலும் அதே பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள்.

இவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஊரில் அதிகம் ஓடித்திரிபவர்களே இவர்கள்தான். காலையில் பாடசாலை அல்லது கடை, பின்னேரம் வகுப்பு அல்லது காரியாலய வேலை, இஷாவுக்குப் பிறகு கூட்டம் என்று இவர்களது நாள் நகர்கிறது. ஏன் வேலை முடியவில்லை என்று கேட்டால் "நேரமில்லை" என்பார்கள். அது பொய்யல்ல. ஆயினும் நேரமில்லை என்பது பொறுப்பை ஏற்ற அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டிய விடயம். அன்றைக்கு ஏன் அது தெரியவில்லை என்பதுதான் இங்கு கேட்க வேண்டிய கேள்வி.

இது தனிப்பட்ட ஒருவரின் சிரமத்தோடு முடிந்துவிடும் விடயமும் அல்ல. முடியாமல் கிடக்கும் ஒவ்வொரு வேலையின் மறுமுனையிலும் யாரோ ஒருவர் காத்திருக்கிறார். புலமைப்பரிசில் விண்ணப்பத்தில் ஒப்பம் கிடைக்காத மாணவர், உதவிப்பணக் கோரிக்கைக்குப் பதில் வராத விதவைத் தாய், வாப்பா வீட்டுக்கு வருவதற்குள் தூங்கிவிடும் பிள்ளை என்று அந்த வரிசை நீளும்.

நேர முகாமைத்துவம் பற்றிப் பேசும் பலரும் எப்படி வேகமாக வேலை செய்வது, எப்படி அதிகாலையில் எழும்புவது என்றுதான் சொல்லித் தருகிறார்கள். அதற்கு முன்னர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எம்மிடம் உள்ள மணித்தியாலங்களை எண்ண வேண்டும். ஏற்றுக்கொண்ட வேலைகளை அளக்க வேண்டும். இரண்டையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கணக்கு எங்கே பிழைக்கிறது?

ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று மதிப்பிடுவதில் மனிதர்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் தவறுகிறார்கள். அநேகமாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். உளவியலாளர்களான டானியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய இருவரும் 1979 இல் இதனைத் "திட்டமிடல் மாயை" என்ற பொருள்படும் பெயரால் குறிப்பிட்டார்கள்.

1994 இல் வெளியான கனடிய ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. இறுதி வருட ஆய்வுக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்களிடம், எத்தனை நாட்களில் முடிப்பீர்கள் என்று கேட்கப்பட்டது. சராசரிப் பதில் சுமார் 34 நாட்கள். எல்லாமே மோசமாக நடந்தால் எத்தனை நாள் என்று கேட்டபோது சராசரி சுமார் 49 நாட்களாக உயர்ந்தது. உண்மையில் எடுத்தது சராசரியாக 55 நாட்களுக்கும் மேல். தாம் சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்துப் பேரில் மூவர் அளவிலேயே இருந்தனர். அதாவது, மிக மோசமான நிலைமையைக் கற்பனை செய்து சொன்ன கணக்குக்கூடப் போதவில்லை.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. அவுஸ்திரேலியாவின் சிட்னி ஒபேரா மாளிகை 7 மில்லியன் டொலர் செலவில் 1963 இல் முடியும் என்று திட்டமிடப்பட்டது. அது 1973 இல்தான் திறந்துவைக்கப்பட்டது. செலவு 102 மில்லியன் டொலர். இரண்டு வருடத்தில் முடியும் என்று அடிக்கல் நாட்டி, பத்து வருடமாகியும் மேல்மாடியில் கம்பிகள் துருப்பிடித்து நிற்கும் எமது கட்டடங்களை நினைத்தால், இது எமக்கு மட்டும் உரிய வியாதி அல்ல என்பது விளங்கும்.

இதற்குக் காரணம் என்ன? ஒரு வேலையை மனதில் ஓட்டிப் பார்க்கும்போது, அது தடையின்றி நடக்கும் வழியைத்தான் பார்க்கிறோம். கடிதம் எழுத அரை மணித்தியாலம் என்று கணக்கிடுவோம். பழைய கோப்பைத் தேடுவது, தலைவரின் ஒப்பத்துக்காக இரண்டு முறை அலைவது, பிரதேச செயலகத்தில் உரிய உத்தியோகத்தர் விடுமுறையில் இருப்பது, மின்சாரம் தடைப்படுவது போன்றவை அந்தக் கணக்கில் வராது. இவற்றில் எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏதாவது ஒன்று நடக்கும் என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்.

"சேர், இந்தக் கடிதத்தை மட்டும் எழுதித் தாங்க, பத்து நிமிஷ வேலைதான்" என்று யாரேனும் சொல்லும்போது, அந்தப் பத்து நிமிடம் எழுதும் நேரம் மட்டுமே என்பதை நினைவில் வைத்திருங்கள்.

168 மணித்தியாலங்களின் வரவு செலவு

ஒரு வாரத்தில் 168 மணித்தியாலங்கள் உள்ளன. செல்வந்தருக்கும் கூலித் தொழிலாளிக்கும் அதில் வித்தியாசமில்லை. இதனை ஒரு வீட்டு வரவு செலவுக் கணக்கைப் போல எழுதிப் பார்ப்போம். உதாரணத்துக்கு, மூன்று பிள்ளைகளின் தந்தையான ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். அவர் பின்னேரங்களில் பிரத்தியேக வகுப்பும் எடுக்கிறார்.

தூக்கம் நாளுக்கு 7 மணித்தியாலம் என்றால் வாரத்துக்கு 49. பாடசாலையும் போக்குவரத்தும் 35. பாடத் தயாரிப்பும் விடைத்தாள் திருத்தமும் 8. பிரத்தியேக வகுப்பு 10. வுழூ செய்து பள்ளிக்குச் சென்று ஜமாஅத்துடன் தொழுதுவிட்டு வருவது நாளுக்கு 2 மணித்தியாலம் என்று வைத்து, ஜும்ஆவையும் சேர்த்தால் 15. உணவு, குளிப்பு முதலியவை நாளுக்கு இரண்டரை மணித்தியாலமாக 17.5. சந்தை, வீட்டு வேலை, பிள்ளைகளைக் குர்ஆன் மத்ரஸாவுக்கும் வகுப்புக்கும் ஏற்றி இறக்குவது 10.5. வலீமா, ஜனாஸா, நோயாளர் விசாரிப்பு, உறவினர் வீடு 5. மனைவி, பிள்ளைகள், பெற்றோருடன் அமர்ந்து பேசுவதற்கு நாளுக்கு ஒன்றரை மணித்தியாலமாக 10.5.

இவற்றின் கூட்டுத்தொகை 160.5. மீதி 7.5 மணித்தியாலம்.

கைத்தொலைபேசியில் கழியும் நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இப்போது அதே ஆசிரியர் ஏற்றுக்கொண்டிருக்கும் ஏனைய பொறுப்புகளைப் பார்ப்போம். பள்ளிவாசல் செயலாளர் பதவிக்கு வாரத்துக்கு 6 மணித்தியாலம். பழைய மாணவர் சங்கத்துக்கு 4. ஜனாஸா சங்கக் கணக்குகளுக்கு 2. தொலைக்கல்வி மூலம் தொடரும் பட்டப்பின் டிப்ளோமாவுக்கு 8. மொத்தம் 20 மணித்தியாலம். ஏழரை மணித்தியாலம் கொள்ளும் பாத்திரத்தில் இருபதை ஊற்றினால் என்ன நடக்கும்?

மேலதிகமாகத் தேவைப்படும் 12.5 மணித்தியாலம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். முதலில் அது தூக்கத்திலிருந்து போகும். பின்னர் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்திலிருந்து போகும். அதற்கும் வழியில்லாதபோது வேலைகள் அரைகுறையாகக் கிடக்கும். இந்த மூன்றில் எதனையும் அவர் தெரிந்து தெரிவுசெய்யவில்லை. ஒவ்வொரு பொறுப்பையும் ஏற்கும்போது மற்றவற்றை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கணக்கு இதிலிருந்து வேறுபடலாம். கடை வைத்திருப்பவருக்கு வேலை நேரம் இன்னும் நீளமாக இருக்கும். கடைகள் மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலத்தைச் சாதாரண வேலை நேரமாக வகுத்திருக்கிறது. ஆனால் சொந்தக் கடையில் நிற்பவர் அந்த எல்லையைப் புதன்கிழமையே தாண்டிவிடுவதுண்டு. வேலைக்குச் செல்லும் பெண்களின் கணக்கு இதைவிட இறுக்கமானது. சமையல், துப்பரவு, சிறு பிள்ளைகளினதும் முதியோரினதும் பராமரிப்பு என வீட்டில் அவர்கள் செய்யும் வேலையை யாரும் வேலையாக எண்ணுவதில்லை. எண்ணிப் பார்த்தால் பல வீடுகளில் மீதி ஏழரைக்குப் பதிலாகப் பூச்சியத்துக்குக் கீழே நிற்கும். ஆகவே இந்தக் கணக்கைக் கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து எழுதுவதே நல்லது. ஒருவருடைய பொதுப்பணிக்கான நேரம் மற்றவருடைய தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறதா என்பது அப்போது தெரியவரும்.

வேலையை அளக்கும் முறை

கையில் உள்ள நேரம் தெரிந்துவிட்டது. அடுத்தது வேலையின் அளவு. ஊகத்தை விட்டுவிட்டு, கடந்த காலத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பதே இதற்குச் சரியான வழி. கானமனும் ட்வெர்ஸ்கியும் சொன்ன பரிகாரமும் இதுதான். இந்த வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்பதற்குப் பதிலாக, இதைப் போன்ற வேலைகள் முன்னர் எவ்வளவு நேரம் எடுத்தன என்று கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு சிறு பயிற்சிக் கொப்பி போதும். இரண்டு வாரங்களுக்கு, ஒரு வேலையைத் தொடங்கும் முன்னர் உங்கள் மதிப்பீட்டை எழுதுங்கள். முடிந்ததும் உண்மையில் எடுத்த நேரத்தை அதன் பக்கத்தில் எழுதுங்கள். 35 விடைத்தாள்களைத் திருத்த இரண்டு மணித்தியாலம் போதும் என்று நினைத்திருப்பீர்கள். ஒரு தாளுக்கு ஆறு நிமிடம் செல்வதைக் கண்டால், உண்மையான நேரம் மூன்றரை மணித்தியாலம். நீங்கள் நினைத்ததைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. இப்படிப் பத்து வேலைகளைக் குறித்துக்கொண்டால் உங்களுக்கென ஒரு பெருக்கம் கிடைக்கும். சிலருக்கு அது ஒன்றரை, சிலருக்கு இரண்டு. அடுத்த முறை யாரிடமும் திகதி சொல்வதற்கு முன்னர் உங்கள் மதிப்பீட்டை அந்த எண்ணால் பெருக்கிவிட்டுச் சொல்லுங்கள்.

பெரிய வேலையாயின் அதனைச் சிறு படிகளாகப் பிரியுங்கள். "வருடாந்தக் கணக்கறிக்கை தயாரித்தல்" என்று ஒரே வரியில் எழுதினால் அது ஒருநாள் வேலை போலத் தெரியும். பற்றுச்சீட்டுகளைத் திரட்டல், மாத வாரியாகப் பிரித்தல், வங்கிக் கூற்றுடன் ஒப்பிடல், விடுபட்டவற்றை விசாரித்தல், தட்டச்சு, கணக்காய்வாளரிடம் ஒப்படைத்தல் என்று ஆறு வரிகளாக எழுதினால் அதன் உண்மையான அளவு கண்ணுக்குத் தெரியும். எந்தப் படி மற்றொருவரின் கையில் இருக்கிறது என்பதும் தெரியும். அந்தப் படிகளைத்தான் முதலில் தொடங்க வேண்டும். ஏனெனில் அவற்றின் வேகம் எமது கட்டுப்பாட்டில் இல்லை.

அதே வேளை, மறுபக்கம் போய்விடவும் கூடாது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ அவ்வளவு நேரத்தையும் நிரப்பும் வரை அது விரியும் என்று சிரில் நோர்த்கோட் பார்க்கின்சன் 1955 இல் எழுதினார். மூன்று மாதத் தவணை கொடுத்தால் இரண்டரை மாதம் சும்மா இருந்துவிட்டுக் கடைசி இரண்டு வாரத்தில் ஓடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆகவே நேரத்தைத் தாராளமாகக் கணக்கிடுங்கள். அதனுள் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக ஒரு நாளைக் குறியுங்கள்.

வெற்றிடம் விட்டுத் திட்டமிடுங்கள்

ஏழரை மணித்தியாலம் மீதி இருக்கிறதென்றால் ஏழரைக்கும் வேலை நிரப்பிவிடக் கூடாது. ஐந்து மணித்தியாலத்துக்கு மாத்திரம் திட்டமிடுங்கள். மீதியைப் பெயரிடாமல் விட்டுவிடுங்கள். எமது ஊர் வாழ்க்கையில் இது மிகவும் அவசியம். ஜனாஸா அறிவிப்பு முன்கூட்டி வருவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் நாள் பார்த்து வருவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் வாசலில் வந்து நிற்கும்போது, நேர அட்டவணையில் இடமில்லை என்று சொல்ல முடியாது. எந்த வாரத்தில் எது வரும் என்று தெரியாவிட்டாலும், ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று வரும் என்பது தெரியும். தெரிந்த ஒன்றைத் "திடீர்" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இவ்வாறு வெற்றிடம் விட்டவர் எதிர்பாராத வேலை வரும்போது குழம்பமாட்டார். எதுவும் வராத வாரத்தில் அந்த நேரம் அவருக்கு ஓய்வாக மிஞ்சும்.

ஐவேளையும் ஒரு கால அட்டவணைதான்

நேரத்தைத் துண்டுகளாகப் பிரித்து வேலை செய்யுமாறு இன்றைய நூல்கள் அறிவுறுத்துகின்றன. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவிலான சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்து 25 நிமிடம் வேலை, பின்னர் சிறு இடைவேளை என்ற முறையை 1980களின் இறுதியில் உருவாக்கினார். இன்று உலகெங்கும் அதைப் பின்பற்றுகிறார்கள். எமது நாளோ ஏற்கனவே ஐந்து இடங்களில் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிரிவுகளை வேலைத் திட்டத்துக்கு நாம் போதியளவு பயன்படுத்துவதில்லை.

இலங்கையில் வாழ்வோருக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் அளவிலேயே மாறுகிறது. கொழும்பில் மஃரிப் நேரம் ஏறத்தாழ மாலை 5.50க்கும் 6.35க்கும் இடையில்தான் அசைகிறது. லண்டனில் வாழும் சகோதரருக்குக் குளிர்காலப் பகல் 8 மணித்தியாலம், கோடைகாலப் பகல் 16 மணித்தியாலத்துக்கும் மேல். அவர் தனது அட்டவணையைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். எமக்கு ஒருமுறை வகுத்த ஒழுங்கு வருடம் முழுவதும் நிற்கும்.

எனவே ஒவ்வோர் இடைவெளிக்கும் அதன் நீளத்துக்கு ஏற்ற வேலையைக் கொடுங்கள். ஸுபஹுக்குப் பின்னுள்ள நேரம் அமைதியானது. யாரும் அழைக்கமாட்டார்கள். எழுத்து வேலை, படிப்பு, கணக்கு போன்ற மூளை வேலைகளுக்கு அது பொருத்தம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் உண்டு. வெளி வேலைகள், வகுப்பு, விளையாட்டு ஆகியவற்றுக்கு அது போதும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் தொழுகை போக முக்கால் மணித்தியாலம் அளவில் கிடைக்கும். பெரிய வேலையொன்றைத் தொடங்கினால் பாதியில் நிற்கும். பிள்ளைகளின் பாடங்களைப் பார்ப்பதற்கு அளவான நேரம் அது. "பிறகு செய்வேன்" என்பதற்கும் "அஸருக்குப் பிறகு செய்வேன்" என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பின்னையதற்கு நேரமும் இடமும் குறிக்கப்பட்டுவிட்டன.

வருடத் திட்டத்திலும் இதே கவனம் வேண்டும். நோன்பு மாதத்தில் தராவீஹ், ஸஹர் ஆகியவற்றால் இரவுத் தூக்கம் குறையும், பகல் வேலை வேகம் தணியும். சந்திர வருடம் சுமார் 354 நாட்கள் என்பதால் ரமழான் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாட்கள் முன்னகர்ந்து வருகிறது. 2030 ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு முறை நோன்பு தொடங்கவிருக்கிறது. ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த விடயம் இது. இருந்தும் ரமழானுக்குள் விழும்படி தவணை குறித்துவிட்டுப் பின்னர் "நோன்பு காலம்தானே" என்று காரணம் சொல்கிறோம். ஜனவரியில் வருடத் திட்டம் எழுதும்போதே ரமழானையும் இரண்டு பெருநாள்களையும் பரீட்சைக் காலங்களையும் முதலில் குறித்துவிட்டு, மீதியுள்ள வாரங்களுக்குள் வேலையை அமையுங்கள்.

வேலைக்கு வேலை தாவும் நட்டம்

ஐந்து பொறுப்புகளைச் சுமப்பவர் ஐந்தினதும் வேலை நேரத்தை மட்டும் இழப்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதும் இழக்கிறார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால், முந்தைய வேலையின் சிந்தனை மனதில் எஞ்சி நின்று புதிய வேலையைப் பாதிக்கிறது என்பதை ஆய்வாளர் சோபி லெரோய் 2009 இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது.

வட்ஸ்அப் குழுமங்கள் இந்தத் தாவலை நாளுக்கு நூறு தடவையாக்கிவிட்டன. பள்ளிக் குழுமம், பாடசாலைக் குழுமம், குடும்பக் குழுமம், வட்டாரக் குழுமம் என ஒவ்வொன்றிலும் அறிவித்தல் ஒலிக்கிறது. உடனடியாகப் பார்க்க வேண்டியவை அவற்றில் மிகச் சில. லுஹருக்குப் பின்னும் இஷாவுக்குப் பின்னும் இரு முறை மட்டும் குழுமங்களைத் திறப்பதென்று முடிவெடுங்கள். அவசரமாயின் அழைப்பு எடுக்குமாறு குழுமத்திலேயே அறிவித்துவிடுங்கள். ஒத்த தன்மையுள்ள வேலைகளையும் ஒன்றாகச் சேருங்கள். மூன்று சங்கங்களின் கடிதங்களையும் மூன்று நாட்களில் எழுதாமல் ஒரே அமர்வில் எழுதினால் நேரம் கணிசமாக மிஞ்சும்.

உயர்தர மாணவரின் கணக்கு

இதே முறையை உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களும் பயன்படுத்த வேண்டும். பரீட்சைக்கு 20 வாரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று பாடங்களிலும் மீட்க வேண்டிய அலகுகள் 45. ஒன்றுக்கு 4 மணித்தியாலம் என்றால் 180. பத்து வருடக் கடந்தகால வினாத்தாள்களைச் செய்ய விருப்பம். மூன்று பாடங்களுக்கும் 30 தொகுதிகள். பல பாடங்களில் முதலாம் பகுதிக்கு 2 மணித்தியாலமும் இரண்டாம் பகுதிக்கு 3 மணித்தியாலமும் உண்டு. பிழைகளைப் பார்த்துத் திருத்த இன்னுமொரு 2 மணித்தியாலம் என்று சேர்த்தால் தொகுதி ஒன்றுக்கு 7. மொத்தம் 210. ஆக, தேவை 390 மணித்தியாலம்.

பாடசாலையும் பிரத்தியேக வகுப்புகளும் போக நாளுக்கு 3 மணித்தியாலம், வாரத்துக்கு ஆறு நாள் சுயமாகப் படிக்க முடியுமென்றால் 20 வாரத்துக்கு 360. முப்பது மணித்தியாலம் குறைகிறது. இது ஐந்து மாதத்துக்கு முன்பே தெரிந்துவிட்டால் தெரிவுகள் உண்டு. பத்து வருட வினாத்தாள்களை எட்டாகக் குறைத்தால் தேவை 348 ஆகிவிடும். அல்லது பயன் குறைந்த வகுப்பு ஒன்றை நிறுத்தலாம். ஏழாவது நாள் விடுபட்டதைப் பிடிப்பதற்கும் ஓய்வுக்கும் உரியது. அதனை நிரப்பக் கூடாது. கணக்குப் பார்க்காத மாணவருக்கும் இதே முப்பது மணித்தியாலம் குறையத்தான் போகிறது. ஆனால் அது கடைசி வாரத்தில், எதை விடுவது என்று யோசிக்கவும் அவகாசமில்லாத நேரத்தில் குறையும்.

பெற்றோர் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளை காலை முதல் இரவு வரை வகுப்பு வகுப்பாக அலைந்தால் படிக்கிறார் என்று எமக்கு மனநிறைவு ஏற்படுகிறது. கேட்டதைத் தானாக அமர்ந்து மீட்பதற்கு வாரத்தில் எத்தனை மணித்தியாலம் அவருக்கு எஞ்சுகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மறுப்பதும் ஒரு பொறுப்புத்தான்

எண்ணிப் பார்த்த பின்னர் வரும் கடினமான படி, முடியாது என்று சொல்வது. எமது சமூகத்தில் இது எளிதல்ல. கேட்பவர் ஹஸ்ரத்தாக இருப்பார், படிப்பித்த ஆசிரியராக இருப்பார், குடும்பத்தில் மூத்தவராக இருப்பார். முகத்துக்கு நேரே மறுக்க மனம் வராமல் "இன்ஷா அல்லாஹ் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். உறுதியான எண்ணத்தோடு சொல்ல வேண்டிய வார்த்தையை, மறுப்பை மூடும் போர்வையாக ஆக்கிவிட்டோம். கேட்டவர் அதனைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஒரு மாதத்துக்குப் பின்னர் வேறொருவரைத் தேடும்போது அவருக்கு அந்த ஒரு மாதமும் நட்டம். எமக்கோ நம்பிக்கை நட்டம்.

இதற்குப் பதிலாக மூன்று நேரான பதில்களில் ஒன்றைச் சொல்லலாம். "செய்கிறேன், இந்தத் திகதிக்குத் தருகிறேன்." "இந்த மாதம் முடியாது, அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குப் பிறகென்றால் முடியும்." "என்னால் முடியாது, இன்னாரிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கு இது நன்றாகத் தெரியும்." மூன்றுமே மரியாதையான பதில்கள். கேட்டவர் அடுத்து என்ன செய்வதென்று அறிந்து திரும்புவார். அந்த இடத்திலேயே பதில் சொல்ல முடியாவிட்டால், "கொப்பியைப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று ஒரு நாள் அவகாசம் கேளுங்கள்.

புதிய பொறுப்பொன்றை ஏற்பதற்கு முன்னர், எந்தப் பழைய பொறுப்பை விடுகிறேன் என்று உங்களையே கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தப் புதிய பொறுப்புக்கு உங்களிடம் நேரமும் இல்லை.

நிர்வாகங்களுக்கும் இதில் பங்குண்டு

தனிநபர்கள் மட்டும் மாறினால் போதாது. திறமையானவர் என்று ஒருவரைக் கண்டுவிட்டால் எல்லாச் சபைகளும் அவரையே இழுக்கின்றன. ஊரில் அவருக்கு நிகரானவர் இல்லை என்பதல்ல காரணம். வேறு யாருக்கும் பழக்கிக் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. ஒருவருக்கு ஒரு நேரத்தில் இரண்டு பிரதான பதவிகளுக்கு மேல் கொடுப்பதில்லை என்று ஊர் மட்டத்தில் ஓர் இணக்கத்துக்கு வரலாம். ஒவ்வொரு பதவிக்கும் இளைஞர் ஒருவரைத் துணைக்கு வைத்து ஒரு வருடம் பழக்கலாம். செயலாளர் திடீரென நோயுற்றால் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடும் நிலையும் அப்போது வராது.

கூட்டங்களையும் எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு பேர் இரண்டு மணித்தியாலம் அமர்ந்தால் செலவாவது 24 மணித்தியாலம். அந்தக் கூட்டத்தில் எடுத்த தீர்மானத்தை நிறைவேற்ற மூன்று மணித்தியாலம் போதுமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த மூன்று மணித்தியாலம் யாரிடமும் மிஞ்சவில்லை. நிகழ்ச்சி நிரலை முன்கூட்டி அனுப்பி, குறித்த நேரத்தில் தொடங்கி, ஒரு மணித்தியாலத்தில் முடித்தால் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒவ்வொரு மணித்தியாலம் திரும்பிக் கிடைக்கும். தீர்மானத்துக்கு நேரே பொறுப்பாளரின் பெயரை எழுதும்போது, எத்தனை மணித்தியால வேலை, எந்தத் திகதிக்கு என்பதையும் எழுதுங்கள். அவரிடமே கேட்டு எழுதுங்கள். வருடாந்தக் கூட்டத்தில் இருபது திட்டங்களை அறிவித்து மூன்றை முடிப்பதைவிட, ஐந்தை அறிவித்து ஐந்தையும் முடிக்கும் சபையின் மீதுதான் ஜமாஅத்தாருக்கு நம்பிக்கை ஏற்படும்.

எங்கிருந்து தொடங்குவது?

இவை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யப் புறப்பட்டால் அதுவும் அளவுக்கு மீறிய திட்டமாகிவிடும். முதல் வாரத்தில் 168 மணித்தியாலக் கணக்கை மட்டும் எழுதுங்கள். அடுத்த இரண்டு வாரங்களில் மதிப்பீட்டையும் உண்மை நேரத்தையும் கொப்பியில் குறியுங்கள். நான்காவது வாரத்தில், ஏற்றுக்கொண்ட பொறுப்புகள் அனைத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் நேரத்தை நேரே போட்டுக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை உங்கள் மீதியைவிடப் பெரிதென்றால், எதனைக் கைமாற்றிக் கொடுப்பது என்று அன்றே முடிவெடுங்கள். அதன் பின்னர் ஒவ்வொரு வியாழக்கிழமையும் இஷாவுக்குப் பின் கால் மணித்தியாலம் அமர்ந்து, சென்ற வாரம் நடந்ததையும் வரும் வாரம் நடக்க வேண்டியதையும் பார்த்துக்கொண்டால் போதும்.

கைமாற்றும்போது அரைகுறையாக விட்டுவிட்டு ஒதுங்காதீர்கள். கோப்புகள், கணக்குகள், முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியல் ஆகியவற்றை உரியவரிடம் முறையாக ஒப்படையுங்கள். ஏற்றுக்கொண்டது அமானிதம் என்றால், சுமக்க முடியாதபோது அதனைச் சுமக்கக்கூடியவரிடம் பாதுகாப்பாகச் சேர்ப்பிப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதில் அடங்கும்.